பூட்டில்லாத கதவு

"மன்னிக்கவும். இந்த இல்லத்தில் உங்கள் பெயர் இல்லை" என்றது கதவு.

ஊசியக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயிலில் நடந்து வந்த முகம் அந்தக் கதவுக்கு அடையாளம் தெரியாமற்போவது புதிதன்று. வியர்த்தால் தெரியாது, தலைக்குக் குளித்து முடியை விரித்துவிட்டிருந்தால் தெரியாது, பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடந்த நாள்களில் அவள் யாரோ, அது யாரோ. துணிமூட்டையைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த வெட்டுத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நிலைச்சட்டத்தில் பதித்திருந்த உள்ளங்கையகலக் கறுப்புக் கண்ணாடிக்கு நேராக மறுபடியும் நின்றாள்.

"மன்னிக்கவும். இந்த இல்லத்தில்..."

"உன் மன்னிப்ப நீயே வெச்சுக்கோ. கதவத் திற."

கண்ணாடியின் மூலையில் சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்தது. வழக்கமாக அடையாளம் தவறும்போது அது மஞ்சளாக எரியும். சிவப்பை அவள் இதுவரை பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து விசில் கேட்டது. ஒரே ஒரு தடவை.

அவளுடைய மாமனார் வாழ்நாளெல்லாம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போனபோது, மிச்சமிருந்தது இடக்கையும் கழுத்தில் தொங்கிய பழைய விசிலும்தான். அவருக்கும் அவளுக்குமிடையே அதுவே மொழியாயிற்று. ஒரு விசில் என்றால் நிறுத்து, இங்கே வா. இரண்டு விசில் என்றால் ஒன்றுமில்லை, ரைட், நீ உன் வேலையைப் பார். அவள் முன்னறையில் தைத்துக்கொண்டிருப்பாள். உள்ளறையிலிருந்து ஒரு விசில் வந்தால் கால் மிதியிலிருந்து தானாக எழும்பிவிடும். தண்ணீர் கேட்பார், புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார், சில நேரம் சும்மா முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ஊதி அனுப்பிவிடுவார். "என்ன, டிக்கெட் எடுத்தேனான்னு செக்கிங்கா?" என்பாள். அவருடைய இடப்பக்க உதடு மட்டும் சிரிக்கும்.

"வந்துட்டேன் மாமா! கதவு முரண்டு பண்ணுது. இருங்க!"

உள்ளே கதவின் கைப்பிடியைத் திருகினால் யாரும் திறந்துவிடலாம். திருகுவதற்கு எழுந்து வர வேண்டும். அவரால் கட்டிலில் தானாகப் புரளக்கூட முடியாது.

இந்தக் கதவுகள் வந்து நெடுநாளாகவில்லை. அந்த நான்கு மாடிக் கட்டடம் ஒரு கிழவருடைய கையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது, முதல் வேலையாக மரக்கதவுகளைக் கழற்றிவிட்டு, அழுத்திய பலகையில் செய்த வெள்ளைக் கதவுகளை மாட்டினார்கள். எல்லா வீட்டுச் சாவிகளையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வாளி தன் வாசலுக்கு வந்தபோது ஊசியக்கா கேட்டாள்: "சாவிய வாங்கிட்டுப் போறீங்க, சரி. பதிலுக்கு என்ன தர்றீங்க?" வாளியைத் தூக்கி வந்தவன் சிரித்தான்: "இனிமே உங்க முகந்தாம்மா சாவி." "அது சரி, என் மூஞ்சிய ஒரு கதவாவது உத்துப் பாக்கட்டும். எங்க வீட்டுக்காரர் நிமிந்து பாத்தே பல வருஷமாச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நடைகூடமே சிரித்தது.

தைப்பது தொழில் என்பதால் மட்டும் வந்த பட்டப்பெயரன்று ஊசியக்கா என்பது.

அந்த வீட்டுக்காரர் போன மாதம் போய்விட்டார். தண்ணீர் லாரி ஓட்டியவர். வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தவர்தான். தெருவில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழாமல் செத்துப்போனார் என்று அவருடைய சகாக்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு இஸ்திரிக்காரி வெளியே வந்தாள். நடைகூடத்து முனையில் மேசை போட்டுத் துணி தேய்ப்பவள். மின்சாரப் பெட்டியைக் கையால் தொடமாட்டேன், கரிப்பெட்டிதான் என்று பிடிவாதமாக இருப்பவள்.

"என்னக்கா, கதவோட சண்டையா?"

"உன் பேர் இல்லங்குது. நேத்துவரைக்கும் இருந்த பேரு ராத்திரியோட ராத்திரியா எங்க ஓடிப்போச்சாம்?"

"கொழுந்தனக் கூப்பிடு. இந்தக் கண்ணாடிச் சமாசாரமெல்லாம் அவருக்குத்தான் புரியும்."

கொழுந்தன் தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தான். படியேறி வரும்போதே மூச்சு வாங்கிற்று. சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அண்ணி..."

"என்னடா முழிக்கற? சொல்லு."

"நேத்து சாயங்காலம் அண்ணன் விஷயத்த கம்பெனிக்காரங்க செயலியில போட்டேன் அண்ணி. நீங்கதானே சொன்னீங்க, வீட்ட என் பேருக்கு மாத்தணும், மறைச்சு வெச்சு வாழக்கூடாதுன்னு."

"ஆமா, சொன்னேன். மாத்தச் சொன்னேன்."

"மாத்தறதுக்கு அதுல இடமே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. 'குடியிருப்பவர் தற்போது இந்த இல்லத்தில் வசிக்கிறாரா?' ஆம், இல்லை. ரெண்டுல ஒண்ணு."

"நீ எத அமுக்கின?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வேற எத அமுக்கறது அண்ணி? இருக்காருன்னா அமுக்க முடியும்?"

அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. இருக்கிறார் என்று அழுத்தியிருந்தால் அவன் கையை அவளே ஒடித்திருப்பாள். ஒரு குடும்பம் தன் சாவை மறைக்காமல் சொன்னது. சொன்ன வாய்க்கே வாசல் மூடிக்கொண்டது.

நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தார்கள். நெடுநேரம் இசை ஒலித்தது. பிறகு, வெண்ணெய் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். பதிவுபெற்ற குடியிருப்பவர் நேரில் வந்து முகத்தைக் காட்டினால் கதவு உடனே திறக்கும்."

"அவர் செத்துட்டாரும்மா" என்றாள் ஊசியக்கா.

"புரிகிறது. அதனால்தான் அணுகலை நிறுத்தியிருக்கிறோம்."

"நான் அவர் பொண்டாட்டி. உள்ள அவரோட அப்பா இருக்கார். நடக்க முடியாதவர்."

"நீங்கள் சார்ந்திருப்பவர் என்ற பிரிவில் இருந்தீர்கள். குடியிருப்பவர் இல்லாதபோது சார்ந்திருப்பவர்களும் இல்லாதவர்களாகிறார்கள். புதிய விண்ணப்பம் கொடுத்தால் பரிசீலிக்கப்படும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அது பரிசீலனையைப் பொறுத்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"வேணும். நீ யாரு? மனுஷியா, இல்ல நீயும் அந்தக் கதவோட தங்கச்சியா?"

இணைப்பு அறுந்தது.

கொழுந்தன் எதையோ யோசித்துத் தன் கைப்பேசியை எடுத்தான். அண்ணனுடைய படம். லாரியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கிற படம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவன் படத்தை விரித்து முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தான். சிவப்புப் பொட்டு மஞ்சளாயிற்று.

"வணக்கம்" என்று அவளுடைய கணவரின் பெயரை முழுதாகச் சொல்லிற்று கதவு. "தயவுசெய்து கண்களைச் சிமிட்டவும்."

கொழுந்தன் படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"தயவுசெய்து கண்களைச் சிமிட்டவும்."

"அத எடுடா அங்கேருந்து!" என்று கத்தினாள் ஊசியக்கா. கத்திய பிறகும் அவளுடைய கண்கள் அந்தப் படத்தின் கண்களிலேயே நின்றுவிட்டன. ஒருமுறை, ஒரேயொருமுறை அந்த மனிதர் சிமிட்டிவிட மாட்டாரா என்று தானும் எதிர்பார்த்தோம் என்பதை அவள் உணர்ந்தபோது, உடம்பு முழுதும் பற்றிக்கொண்டு எரிந்தது. துக்கத்தில் ஓர் ஏமாற்றத்தைக் கலந்து கொடுக்கிற உரிமையை இந்தக் கண்ணாடிக்கு எவன் கொடுத்தான்?

உள்ளே விசில் ஒலித்தது. மீண்டும் ஒரு தடவை.

அவள் நடைகூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, கதவின் அடியிடுக்கில் வாயை வைத்தாள். "மாமா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அப்போதுதான் இஸ்திரிக்காரி காதைத் தீட்டிக்கொண்டு சொன்னாள்: "ஏக்கா, உன் வீட்டு ஃபேன் சத்தத்தக் காணோமே?"

அந்த மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கடகடவென்று கனைக்கும். எதிர்வீட்டில் படுத்தால் தூக்கம் வராது என்று அவள் பலமுறை சண்டைக்கு வந்திருக்கிறாள். இப்போது கனைப்பு இல்லை. மேல்மாடி வேறு, கூரையில் விழுகிற வெயில் நேரே கட்டிலில்தான் இறங்கும். இடுக்கில் வைத்திருந்த உதட்டில் உள்ளேயிருந்து அடுப்புக்காற்று போல வெக்கை பட்டது.

கட்டட மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தட்டுப் போன்ற ஒரு கருவி. அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆளில்லாத வீடுன்னு காட்டுதும்மா. ஆளில்லாத வீட்டுக்குக் கரண்ட் தானா நின்னுடும். நான் ஒண்ணும் நிறுத்தல."

"உள்ள ஆள் இருக்காருய்யா. விசில் கேக்குதில்ல உங்க காதுக்கு?"

"கேக்குது. எனக்குக் கேக்குதும்மா. ஆனா கணக்குல இல்லையே."

"உங்க மூஞ்சியக் காட்டித் திறங்க."

"என் மூஞ்சிக்கும் திறக்காது. திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது, பாத்துக்கிட்டு மட்டும் இருன்னுதான் என்ன வெச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். உடைக்க கிடைக்கப் போயிடாதீங்க. மேல ஒரு கேமரா இருக்கு. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"இப்ப மட்டும் என்ன பண்ணிக் கிழிச்சீங்க?" என்றாள் இஸ்திரிக்காரி.

பூட்டுத் திறப்பவர் ஒருவரைக் கொழுந்தன் எங்கிருந்தோ கூட்டிவந்தான். வளையம் நிறையக் கம்பிகளோடு வந்த அந்த மனிதர், கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "சாவித் துவாரமே இல்லாத கதவுல நான் எங்கப்பா கம்பிய விடறது? மூக்கே இல்லாதவனுக்குப் பொடி போடச் சொல்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்தார்கள். புகை வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டார்கள்.

"இல்ல சார், அணைச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் ஊசியக்கா.

அப்படியானால் இது தங்கள் வேலையன்று, காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள். இஸ்திரிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அடுப்பெரியுதுன்னு சொல்லித் தொலைச்சா என்னக்கா? வாய்ல வர்ற உண்மைய ஒரு நாளைக்காவது மென்னு முழுங்கக் கூடாதா?"

"என் அடுப்ப நான் அணைச்சேன்டி. அணைக்காம வந்தவளாயிருந்தா இத்தன வருஷம் ஒரு நோயாளிய வெச்சுப் பாத்திருப்பேனா?"

கொழுந்தனைக் கதவருகே உட்காரவைத்துவிட்டு அவள் காவல் நிலையத்துக்கு நடந்தாள். நடந்தாள் என்பதைவிட வெயிலைக் கிழித்துக்கொண்டு போனாள் என்பதே சரி. எழுத்தர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருந்தார். கெட்டவர் அல்லர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்ட பிறகு, அட்டை கிழிந்த சட்டப்புத்தகத்தை இழுத்து வைத்து விரலால் தேடினார்.

"இங்க பாரும்மா. குடியிருக்கறவங்கள வீட்டுக்குச் சொந்தக்காரன் பலவந்தமா வெளியேத்தினா அது குத்தம். கண்டிப்பா நடவடிக்கை உண்டு. உங்க சாமானத் தூக்கி வெளிய எறிஞ்சாங்களா?"

"இல்ல சார். எல்லாம் உள்ளதான் இருக்கு."

"வீட்டுக்குப் பூட்டு போட்டிருக்காங்களா?"

"கதவு திறக்கல சார்."

"அதக் கேக்கல. பூட்டு. பூட்டு இருக்கா?"

"பூட்டே கிடையாது சார் அந்தக் கதவுக்கு. மூஞ்சியப் பாத்துத் திறக்கற கதவு."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தியா, நீயே சொல்ற. பூட்டு இல்லைன்னா பூட்டினாங்கன்னு நான் எப்படி எழுதறது? சட்டத்துல தெளிவா இருக்கும்மா: 'பூட்டியோ, பொருள்களை அகற்றியோ.' ரெண்டுமே நடக்கல. கதவு திறக்கலைன்னா அது ரிப்பேர். ரிப்பேருக்கு இங்க வரக்கூடாது."

"பெரியவர உள்ள வெச்சு அடைச்சிருக்காங்களே, அது?"

"உள்ள கைப்பிடி இருக்குங்கறே. திருகினா திறக்கும்ங்கறே. யாரும் அவர அடைக்கலையே. எழுந்து வர முடியாதது அவரோட உடம்பும்மா. அதுக்கு யார் மேல கேஸ் போடறது?"

"வீடு எங்க கைவசம் இருந்ததுன்னாவது எழுதுங்க."

"எழுதறேன். சாவி உன்கிட்ட இருக்கா?"

பிளாஸ்டிக் வாளிக்குள் சாவி விழுந்த ஓசை காதில் கேட்டது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் இரும்புப் பூட்டைக் கண்டிருந்தார்கள். பூட்டுகிற கையைக் கண்டிருந்தார்கள். தெருவில் எறியப்பட்ட பாயையும் பாத்திரத்தையும் கண்டிருந்தார்கள். கையே இல்லாமல் பூட்டவும், பாத்திரத்தைத் தொடாமலே ஆளை எறியவும் ஒருவன் கற்றுக்கொள்வான் என்று அவர்கள் கண்டிருக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவன் கற்றுக்கொண்டு இத்தனை காலமாகியும் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைச் சேர்க்க யாருக்கும் நேரமில்லாமற்போனதே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு ஆள் என்கூட வந்து பாத்தாப் போதும் சார். அந்த விசிலக் காதால கேட்டாப் போதும்."

"வண்டி வெளிய போயிருக்கும்மா. வந்ததும் அனுப்பறேன். ஆனா ஒண்ணு, நீயா போய் எதையும் உடைச்சுக் கிடைச்சு வெச்சிடாத. அது பெரிய செக்‌ஷன்."

அவள் திரும்பிப் படியேறியபோது கொழுந்தன் கதவில் காதை ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "ஊதறதே நின்னு போச்சு அண்ணி. கூப்பிட்டுப் பாத்தேன். எதுவும் கேக்கல."

அவள் தரையில் விழுந்து இடுக்கில் வாயை வைத்தாள். "மாமா! மாமா, நான் வந்துட்டேன். கேக்குதா? ஒரு தடவ ஊதுங்க. ஒரே ஒரு தடவ."

ஒன்றுமில்லை. வெக்கை மட்டும் வந்து கண்ணில் அடித்தது. பிறகு, மிகத் தொலைவில் ஏதோ ஒரு பேருந்திலிருந்து வருவதுபோல, காற்று பாதியும் ஒலி பாதியுமாக ஒரு விசில். சற்றே நின்று, இன்னொன்று.

இரண்டு. ரைட். ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார்.

"ரெண்டு ஊதறாரு அண்ணி" என்றான் கொழுந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லாத்தான் இருக்காரு போல."

"போடா! பொய் சொல்றாருடா மனுஷன்!" அவள் எழுந்து நின்றாள். "நாக்கு வறண்டு, முதுகு வெந்து கிடக்கும்போது எனக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதுன்னு ரெண்டு ஊதறாரு. வாழ்நாள்ல ஒரு டிக்கெட்டுக்குப் பொய் சொல்லாத ஆளு. அவரப் பொய் சொல்ல வெச்சுட்டானுங்களே!"

அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ அடங்கிற்று. அதுவரை தெருவெல்லாம் சிதறிக் கிடந்த கோபம், ஊசிமுனைக்கு நூல் வருவதுபோல, ஒரே புள்ளிக்கு வந்து நின்றது. அவள் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இஸ்திரிக்காரி ஏற்கெனவே தன் பித்தளைப் பெட்டியின் வாயைத் திறந்து கரியைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"கைப்பிடி மட்டுந்தான் சுடாது. துணிய சுத்திக்கோ" என்று நீட்டினாள். "கறுப்புக் கண்ணாடிப் பக்கம் அடிக்காத. அங்க இரும்பு. கீல் பக்கம் அடி, பலகை."

"அண்ணி, கேமரா..." என்றான் கொழுந்தன்.

"அது நல்லாப் பாக்கட்டும். இதுவரைக்கும் பாத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

முதல் அடியில் வெள்ளைப் பூச்சு உரிந்தது. இரண்டாவது அடியில் மரத்தூளும் பசையும் கலந்த மட்டமான உள்ளுடம்பு தெரிந்தது. "மன்னிக்கவும், இந்த இல்லத்தில்" என்றது கதவு, அவள் அடித்தாள். "மன்னிக்கவும்" என்றது, அடித்தாள். பெட்டியின் சூடு துணியைத் தாண்டி விரல்களில் ஏறியது. அடுத்து அடித்தது அவள் கைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. கொழுந்தனும் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டிருந்தான். கீழ்க்கீல் பிய்ந்து, கதவு கோணலாகச் சரிந்து, மேல்கீலும் திருகாணிகளோடு வந்துவிட்டது. அவள் அதன் மேலேயே ஏறி உள்ளே ஓடினாள்.

கட்டிலில் மாமனார் காய்ந்த உதடுகளுக்கிடையே விசிலைக் கவ்விக்கொண்டு கிடந்தார். இடக்கை அதைப் பிடித்த பிடியிலேயே விறைத்திருந்தது. விரிப்பு நனைந்து, முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பல்லிடுக்கிலிருந்து விசிலை மெல்ல எடுத்தாள். கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். தொண்டை அசைந்தது. அவள் துணி வெட்ட வைத்திருந்த மாதிரி அட்டையை எடுத்துக் கொழுந்தன் விசிறினான். இருவருமாகச் சேர்ந்து அவரைப் புரட்டி, விரிப்பை உரித்தெடுத்து, ஈரத்துணியால் முதுகைத் துடைத்தார்கள். தோல் சிவந்து கன்றிப் போயிருந்தது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இடப்பக்க உதடு அசைந்தது.

"சிரிக்க வேற செய்யறீங்களா?" என்றாள். "ரெண்டு ஊதினதுக்கு உங்கள அப்புறம் பேசிக்கறேன்."

காவல் நிலையத்து வண்டி வந்துவிட்டது. வெளியே போயிருந்த வண்டிதான். நிறுவனத்திலிருந்து ஓர் அழைப்பு போன உடனே அது எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. எழுத்தரே வந்திருந்தார், மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு. மேற்பார்வையாளர் பின்னால் தயங்கித் தயங்கி நின்றார். நடைகூடத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

"சொன்னேனா இல்லையா? அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பினேனேம்மா" என்றார் எழுத்தர். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இப்ப நான் எழுதித்தான் ஆகணும். வேற வழியில்ல."

"எழுதுங்க சார். என்னன்னு எழுதுவீங்க? சத்தமா எழுதுங்க, நாங்களும் கேக்கறோம்."

அவர் சுவரில் தாளை வைத்து, பழகிய கையோடு மளமளவென்று எழுதிக்கொண்டே வாசித்தார். "மேற்படி நபர், நிறுவனத்துக்குச் சொந்தமான குடியிருப்பின் பூட்டை உடைத்து, அத்துமீறி உள்ளே நுழைந்து..."

"நில்லுங்க சார்" என்றாள் ஊசியக்கா.

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே நடைகூடம் அமைதியாயிற்று.

"எதை உடைச்சு?"

"பூட்டை..." என்று தொடங்கிய எழுத்தர் நிறுத்திக்கொண்டார்.

"வெயில்ல வந்து உங்க மேசை முன்னாடி நின்னப்ப, அந்தக் கதவுக்குப் பூட்டே இல்லைன்னீங்க. பூட்டு இல்லாததால என்ன யாரும் பூட்டல, உள்ள கிடந்தவர யாரும் அடைக்கலன்னீங்க. இப்ப எங்கேருந்து சார் வந்துச்சு பூட்டு? நான் அங்கேருந்து இங்க நடந்து வர்றதுக்குள்ள யாராவது கொண்டாந்து மாட்டிட்டாங்களா?"

"பூட்டுன்னா ஒரு வழக்கத்துக்கு எழுதறதுதான். எல்லாக் கேஸுக்கும் அப்படித்தாம்மா வாசகம்..."

"அந்த வழக்கம் அக்கா வந்து கேட்டப்ப மட்டும் எங்க போச்சு?" என்றாள் இஸ்திரிக்காரி கூட்டத்திலிருந்து. யாரோ சிரித்தார்கள், சிரிப்பு சட்டென்று அடங்கிற்று.

எழுத்தர் அந்தச் சொல்லை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனார்.

"அடிக்காதீங்க!" ஊசியக்கா தாளின் மேல் கையை வைத்தாள். விரல்களில் இஸ்திரிப்பெட்டியின் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. "நான் அத அடிக்கச் சொல்லல. இருக்கட்டும். பூட்டு இருந்துச்சு, அத நான் உடைச்சேன். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். செஞ்சத இல்லைன்னு சொல்ற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. ஆனா அதுக்கு முந்தின வரிய இப்ப எழுதுங்க. அந்தப் பூட்ட, உள்ள ஒரு மனுஷன வெச்சுப் பூட்டினது யாரு?"

எழுத்தர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

"நான் பூட்டலைங்க" என்றார் மேற்பார்வையாளர். "அது தானா..."

"தானான்னே எழுதுங்க சார். தானாப் பூட்டிக்கிச்சுன்னு எழுதுங்க. உங்க கையால, உங்க பேனாவுல. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

பேனா தாளின் மேல் நின்றது. பூட்டு என்ற ஒரு சொல்லை எழுதினால் பூட்டிய நிறுவனமும் மாட்டிக்கொள்ளும். எழுதாவிட்டால் உடைத்தவளும் இல்லை. எழுத்தர் பேனாவை மூடினார். தப்பிக்க வழி தேடுவதுபோல, "முதல்ல பெரியவர் எப்படி இருக்கார்னு பாக்கறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, கிடந்த கதவைத் தாண்டி வாசலில் காலை வைத்தார்.

"மன்னிக்கவும். இந்த இல்லத்தில் உங்கள் பெயர் இல்லை" என்றது நிலைச்சட்டம்.

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இழுத்த பிறகுதான், அங்கே தன்னைத் தடுக்க ஒன்றுமேயில்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கதவில்லாத வாசலுக்கு முன்னால், ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

"எப்படி இருக்கு சார்?" என்றாள் ஊசியக்கா. "பூட்டு இருக்கா, இல்லையா?"

உள்ளேயிருந்து விசில் கேட்டது. ஒரு தடவை, இந்த முறை முழு மூச்சோடு. அவளுடைய கால் தானாகத் திரும்பிற்று.

"நீங்க எழுதி முடிங்க. நான் அவரப் புரட்டிப் படுக்கவெச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் சிவப்புப் பொட்டைக் கடந்து உள்ளே போனாள். பின்னாலேயே அது அவளிடமும் மன்னிப்புக் கேட்டது.